கொசுறுக்காவின் தட்டு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சந்தையில் அது யாருக்கும் தெரியாது. மீன் கடை கொசுறுக்கா என்றால் பேருந்து நிலையம் வரை தெரியும்.

எடை போட்டு, பையில் கொட்டி, காசை வாங்கிப் பெட்டியில் போட்டதும் அவளுடைய இடது கை தானாகப் பக்கவாட்டில் போகும். அங்கே பனிக்கட்டி மேல் நெத்திலிக் கூடை இருக்கும். ஒரு பிடி அள்ளி, "இந்தா, பூனைக்குப் போடு" என்று பைக்குள் வீசுவாள். பூனை வளர்க்காதவர்களுக்கும் அதே வசனம்தான். வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே போய்க் குழந்தைகளுக்குப் பொரித்துக் கொடுப்பார்கள்.

எல்லாருக்கும் கிடைத்துவிடாது. செவுளைப் பிளந்து பார்த்து முகத்தைச் சுளிப்பவர்களுக்குக் கிடையாது. "அடுத்த சந்தையில் சல்லிசா கிடைக்குதே" என்பவர்களுக்குக் கிடையாது. வருகிறவர்களில் யாருக்குக் கை நீளும், யாருக்கு மடங்கும் என்பதை அவள் கண்ணே முடிவு செய்துவிடும். பின்னால் மரக்கட்டையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் கணவனுக்கு அதில் கருத்து எதுவும் இல்லை. கத்தி பேசும்போது வாய் எதற்கு என்று இருக்கிற ஆள். முழங்கை வரை செதில் ஒட்டி, வெளிச்சத்தில் மினுங்கும்.

அந்தக் கொசுறு பாசத்தில் பிறந்ததல்ல, கோபத்தில் பிறந்தது. அவள் மருமகளாக வந்த புதிதில் கடையில் மாமனார் இருந்தார். தொங்கு தராசு. மீன் தட்டின் விளிம்புக்கு மேல் அவருடைய சுண்டுவிரல், ஈ உட்கார்ந்த மாதிரி, லேசாக உட்கார்ந்திருக்கும். முதல் வாரமே பார்த்துவிட்டாள். பார்த்தவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர் முன்னாலேயே, "மாமா, விரல எடுங்க, மீன் பயப்படுது" என்றாள். சந்தையே சிரித்தது. அன்றிலிருந்து சாகும்வரை அந்த மனிதர் அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அவர் போன பிறகு தொங்கு தராசைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். மின்னணுத் தராசு வந்தது. கூடவே கொசுறும் வந்தது. 'அவர் விரல் எடுத்ததை என் கை திருப்பிக் கொடுக்கும்' என்பது அவளுக்குள் ஒரு சபதம். ஆனால் சபதத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ அவள் தாராளத்தைப் புகழ, இதையே சத்தமாகச் சொல்லிவிட்டாள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனார், மாமனாரின் ஒரே மகள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

அப்புறமும் நாத்தனார் வாரம் ஒருமுறை மீன் வாங்க வருவாள். வந்தால் மீனின் பெயரைத் தவிர வேறு பேச்சு இல்லை. காசை எண்ணி வைப்பாள், போவாள். கொசுறுக்காவின் கையும் அவளுக்கு நீண்டதில்லை.

அன்று காலை முதல் வியாபாரமே சரியில்லை. குடையும் சளியுமாக ஒருவர் வந்து நின்றார். விலை பேசவில்லை. செவுளைப் பார்க்கவில்லை.

"கானாங்கெளுத்தி ஒரு கிலோ. எடைக்கு மட்டும் போடுங்கம்மா, வேற எதுவும் வேணாம்."

'வேற எதுவும் வேணாமா? நான் குடுக்கறேன்னு சொன்னனா!' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் மீனை அடுக்கி, எண் வந்ததும் பையில் கொட்டினாள். அவர் காசைக் கொடுத்தார். மூக்கைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார்.

எடை அளவு ஆய்வாளர்.

கொண்டு வந்திருந்த மரப்பெட்டியிலிருந்து பித்தளைப் படிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தார். தராசு சரியாகவே சொன்னது. கொசுறுக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆய்வாளர், தான் வாங்கிய மீனைப் பையோடு வைக்காமல், மெல்லிய ஒரு தாளில் கொட்டி வைத்தார். எண் குறைந்தது. வெறும் எவர்சில்வர் தட்டைத் தனியாக வைத்தார். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் தட்டில் இருந்தது.

"தட்ட வச்சதும் சுழியத்துக்குக் கொண்டு வரணும்மா. அதுக்கு ஒரு பட்டன் இருக்குமே?"

இருந்தது. அதாவது, இருந்த இடம் இருந்தது. ஈரக்கையும் மீன் செதிலும் பட்டுப்பட்டு அதன் ரப்பர் உரிந்து, உள்ளே செம்பு மட்டும் மாட்டுக்கண்ணு மாதிரி முழித்துக்கொண்டிருந்தது. அழுத்தினால் ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்காது. தராசோடு வந்த லேசான பிளாஸ்டிக் தட்டு உடைந்து, பாத்திரக்கடையில் கணவன் இந்தக் கனத்த தட்டை வாங்கி வந்தபோது அவளும் யோசிக்காமல் இல்லை. 'தட்டு கொஞ்சம் தின்னும். அதுக்குத்தான் கொசுறு போடுறோமே' என்று கணக்கை முடித்துவிட்டாள். அன்றோடு பட்டனை மறந்தாள்.

"நான் எல்லாருக்கும் மேலதான் குடுக்குறேன். யார வேணா கேளுங்க! என் பேரே கொசுறுக்கா!" குரல் தகரக்கூரையில் போய் மோதியது.

"எனக்குப் போடலியேம்மா."

"நீங்கதான வேணாம்னீங்க!"

"கொசுறு போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். எடை அப்படி இல்ல." இன்னொரு தும்மல். "புகார் வந்திருக்கு. பட்டன சரிபண்ணி, முத்திரை வாங்கிட்டு அப்புறம் இந்தத் தராசத் தொடுங்க. அபராதத்துக்கு ஓலை வரும். திரும்பவும் இதே மாதிரி மாட்டுனா கடை உரிமம் போயிடும்."

"இன்னிக்கு எடுத்த மீன என்ன பண்றது? கூறு கட்டி விக்கவா?"

"மீன எடை போட்டுத்தான் விக்கணும். முத்திரை உள்ள வேற தராசு கிடைச்சா போட்டுக்குங்க."

கம்பி சுற்றி, ஈயம் நசுக்கி, தராசைப் பூட்டிவிட்டு அவர் குடையோடு போனார். பனிக்கட்டி உருகிச் சிமெண்டுத் தரையில் ஓட ஆரம்பித்திருந்தது.

புகார்! யார் என்று அவளுக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்க்கடைக் கோழிக்காரர். போன மாதம்தான் அவர் கடைக் கழிவுநீர் தன் பக்கம் வருகிறது என்று குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருந்தாள்.

"யோவ் கோழி! மூஞ்சிக்கு நேரா பேச வக்கில்லாம முதுகுல குத்துறியா? உன் கடைல தண்ணில ஊறப்போட்டுத்தான கோழி விக்குற? நான் போய்ச் சொன்னனா?"

கோழிக்காரர் கையில் இருந்த காலைக் கீழே வைத்தார். கோழியின் காலைத்தான். "அக்கா, சத்தியமா நான் இல்ல. எனக்குப் புகார் எழுதற அளவுக்கு எழுத்து வந்தா நான் ஏன் இந்தக் கோழிங்ககிட்ட மாரடிக்கிறேன்?"

"நடிக்காத!"

"ஏங்க," என்று பின்னாலிருந்து கணவன் குரல் கேட்டது. அவன் மனைவியை மரியாதையாகக் கூப்பிட்டால் ஏதோ பெரிய விஷயம். "வெயில் ஏறுது. அவர் தராசு ஒன்னுதான் பக்கத்துல இருக்கு."

இந்த ஒரு வாக்கியம் அவள் நெஞ்சில் முள்ளாகச் சிக்கியது. திட்டிய வாயாலேயே கேட்க வேண்டும். கேட்கவில்லை. போய் எதிரே நின்றாள். கோழிக்காரர் பாவம், நல்ல மனிதர். அதை உடனே காட்டிவிடாத அளவுக்குக் கெட்டிக்காரரும்கூட.

"இங்கயே கொண்டாந்து போட்டுக்கக்கா. ஆனா பட்டன நான்தான் தொடுவேன். உன் கைல குடுத்தா என் தராசும் கண்ணு முழிச்சிரும்."

அப்படித்தான் அன்று மீனும் நெத்திலிக் கூடையும் கோழிக்கடைக்குப் போய், மீன் அங்கே எடை போடப்பட்டது. அவள் தட்டை வைப்பாள். அவர் ஒற்றை விரலால் தொடுவார். எண் சுழியமாகும். அவள் மீனை வைப்பாள். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் கண் நிறுத்தும், எண் நிறுத்தாது. இன்னும் ஒன்று வைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் அதே மாதிரி, நல்ல கானாங்கெளுத்தியாக, வாலோடும் தலையோடும் இன்னும் ஒன்று. முதல் ஆளுக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக அந்தக் கூடுதல் மீனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு நொடி அதையே பார்த்தாள். நேற்று இந்த மீன் எங்கே இருந்தது? போன மாதம்?

ஒரு பெண்ணின் பைக்கு நெத்திலியை அள்ளியபோது கோழிக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பிடிய இதுல போடுக்கா, ஒரு வேடிக்கை பார்ப்போம்."

போட்டாள். இரண்டு பேரும் எண்ணைப் பார்த்தார்கள்.

"தட்டு எடைல பாதிகூட வரலியேக்கா," என்றார் அவர். சிரிக்கத் தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இத்தனை காலம் அள்ளிக் கொடுத்ததாக நினைத்தது, பிடுங்கியதில் பாதி. அதுவும் பிடித்தவர்களுக்கு. பிடிக்காதவர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் அவளுக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. "அந்தத் தட்ட வாங்குனது யாரு?" என்று கணவன் பக்கம் பாய்ந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "நான்தான்," என்றான். "அதுல எடை போட்டது?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெயில் சாய்ந்து கூட்டம் குறைந்த நேரத்தில் நாத்தனார் வந்தாள். துணிப்பை, நெற்றியில் ஒட்டிய மாவு. வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். பூட்டிய தராசைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

அந்த ஆச்சரியப்படாத முகம் போதுமானதாக இருந்தது.

"நீயா?"

"ஆமா அண்ணி. நான்தான்."

கணவனின் கத்தி நின்றது. "பாப்பா..." என்றான்.

"நீ சும்மா இருண்ணா. கேக்குக்கு மாவும் வெண்ணெயும் எடை போடுற தராசு எங்க வீட்டுல இருக்கு அண்ணி. ஒருநாள் சந்தேகத்துல உங்க மீனப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் வாரா வாரம் போட்டேன். வாரா வாரம் ஒரே அளவு குறையுது. திருடுற கைன்னா முன்னப்பின்ன குறையும். அப்பத்தான் தட்டுன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சுதுல்ல? வந்து எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த? அதிகாரியக் கூட்டியாந்து நாலு பேர் முன்னால மானத்த வாங்கணுமா?"

"எங்கப்பாகிட்ட நீங்க தனியாக் கூப்பிட்டுச் சொன்னீங்களா அண்ணி?"

சந்தையில் யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் தரையைக் கழுவிக்கொண்டு போனது.

"உங்கப்பா தெரிஞ்சே பண்ணாரு!"

"தெரிஞ்சுதான் பண்ணாரு. எனக்கும் தெரியும். ஊரே சிரிச்சப்போ எனக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கல. அவரு விரல வச்சாரு, நீங்க தட்ட வச்சீங்க. அவருக்கு யாரும் கொசுறுன்னு பேர் வைக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

கொசுறுக்காவுக்குக் காது மடல் சுட்டது. எதிரில் நிற்பவளை அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்தாலும் அந்த வாக்கியம் அப்படியே நிற்கும் என்றும் தெரிந்தது.

"என்ன மீன் வேணும்?"

"கானாங்கெளுத்தி. ஒரு கிலோ."

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்காரரின் தராசில் டங்கென்று வைத்தாள். அவர் விரலை நீட்டுவதற்குள் அவளே பட்டனைக் குத்தினாள்.

"யக்கா, பட்டன்! அது என் பொழப்பு!"

சுழியம். மீனை வைத்தாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. எண் வந்து நின்றதும் திருப்பி நாத்தனார் பக்கம் காட்டினாள். "பாரு. நல்லாப் பாத்துக்க. வீட்டுக்குப் போயும் போட்டுப் பாரு."

"போட்டுப் பார்ப்பேன்," என்றாள் நாத்தனார், காசை எண்ணி வைத்துக்கொண்டே.

பையை நீட்டிய அதே வேகத்தில், பழகிப்போன இடது கை கூடைக்குப் போய் ஒரு பிடி அள்ளிவிட்டது. இவளுக்கு ஒருநாளும் நீளாத கை. அள்ளிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நாத்தனாரும் பார்த்துவிட்டாள். பையின் வாயை மெதுவாக முறுக்கி மூடினாள்.

"அது வேணாம் அண்ணி. எனக்கு வர்றது வந்துருச்சு."

அவள் போன பிறகும் அள்ளிய நெத்திலி கைப்பிடியிலேயே இருந்தது. விரலிடுக்கில் பனி உருகி முழங்கையில் வழிந்தது. அடுத்து நின்ற கிழவர் பையை விரித்துப் பிடித்துச் சிரித்தார். "கொசுறுக்கா, அத எனக்குத்தான் போடேன்."

"எடை போட்டு வாங்கறதுன்னா வாங்குங்க," என்று கத்தினாள் அவள். "அப்படிக் கூப்பிடுற வேலையெல்லாம் இனிமே வேணாம்!"

நெத்திலியைக் கூடையில் வீசினாள். கோழிக்காரரின் தராசின் மேல் நாலு துண்டு பனிக்கட்டி தெறித்து விழுந்தது. சுழியத்தில் நின்ற எண் நகர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள், அழுத்தி, எண் பழையபடி சுழியத்துக்கு வரும்வரை.