கேட்டோ?

நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் என்னைச் சத்தம் எழுதச் சொன்னார்கள். காது கேளாதவர்களுக்காக. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கதவு கிரீச்சென்று திறந்தது என்று எழுதினால், கிரீச்சையே கேட்டிராத மனுஷனுக்கு அதில் என்ன விளங்கும்? இதை எங்கள் டீம் லீடரிடம் கேட்டேன். கொல்லத்துக்காரி, எங்கள் எல்லோருக்கும் அவர் சேச்சி, அதாவது அக்கா. "நீ ஆத்யம் எழுது, பின்னெ சிந்திக்காம்" என்றார். முதலில் எழுத வேண்டுமாம், யோசிப்பதெல்லாம் பிறகாம். சரி, எழுதினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்குக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கட்டடத்தின் மாடியில் ஆபீஸ். வெளிநாட்டில் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இங்கே இருந்து சில்லறை வேலை செய்து கொடுப்போம். நான் சேர்ந்த சமயத்தில் வந்திருந்தது ஒரு புதிர் சாகச விளையாட்டு. துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. பனி கொட்டும் ஊரில் மூடிக்கிடக்கும் ஒரு ரயில் நிலையம். ஸ்டேஷன் மாஸ்டரைக் காணோம். அறை அறையாகப் போய், மேஜை டிராயரைத் திறந்து, லீவரை இழுத்து, புதிரை விடுவித்து அவர் எங்கே போனார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் விளையாடும்படி இதை மாற்றித் தரவேண்டும் என்பது உத்தரவு. சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்காக லீவர்களின் மேல் வட்டமும் முக்கோணமும் வரைந்தான் என் பக்கத்து சீட்டுக்காரன். விரல் வேகமாக ஓடாதவர்களுக்காகச் சில புதிர்களில் நேரத்தை நீட்டினார்கள். என் பங்கு சத்தம். பேச்சுக்கெல்லாம் வசனம் கையில் இருந்தது, அதை அப்படியே போட்டுவிடலாம். மற்ற சத்தங்களை மட்டும் ஹெட்செட் மாட்டிக் கேட்டு, எந்த இடத்தில் என்ன கேட்கிறது என்று திரையின் அடியில் வருகிற மாதிரி எழுத வேண்டும்.

வேலையில் அப்போது நான் நிரந்தரமில்லை. இந்த விளையாட்டு முடியும்போது பார்த்துச் சொல்வார்கள், சரியில்லை என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி வரை மந்தம் என்று பேர் வாங்கினவள் நான். மந்தமில்லை என்று காட்ட எனக்கு வாய்த்த முதல் இடம் அது. எப்படியாவது ஒட்டிக்கொண்டுவிட வேண்டும் என்று கரமனையில் பஸ் ஏறி, கிழக்கே கோட்டையில் மாறி, தினமும் எல்லோருக்கும் முன்னால் போய் உட்காருவேன்.

மந்தம் என்ற பேர் சும்மா வரவில்லை. நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கரமனையில் குடியேறின குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். வகுப்பில் டீச்சர் சொல்வதில் பாதிதான் எனக்குப் பிடிபடும். "தமிழ்க்குட்டியல்லே, பதுக்கெ மனசிலாகும்" என்று, தமிழ்ப் பிள்ளைதானே, மெல்லப் புரியும் என்கிற மாதிரி டீச்சரே சமாதானம் சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால், அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொல்வாள். "என்னா?" என்பேன். "மலையாளம் படிச்சுப் படிச்சு இந்தப் பிள்ளைக்குத் தமிழே மனசிலாக மாட்டேங்கு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அதைச் சொல்வதற்கு அவளுக்கே ஒரு மலையாள வார்த்தை வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். இரண்டாம் தடவையும் "என்னா?" என்றால் முதுகில் ஒன்று விழும். "நான் சொல்லது ஒனக்கக் காதுல ஏறல்லியாட்டி? அம்புட்டுத் திமிரு!" ஆக, வெளியே நான் தமிழ்க்காரி, வீட்டில் மலையாளத்துக்காரி, இரண்டு இடத்திலும் அரைகுறை. நானும் அதை அப்படியே நம்பினேன்.

பிழைத்துக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது. இந்த ஊரில் எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு வால் வரும், கேட்டோ. நாளைக்கு லீவு, கேட்டோ. குடையை மறக்காதே, கேட்டோ. எங்கள் வீட்டிலும் அது கேட்டியா என்று உண்டு. அது கேள்வியே இல்லை, வெறும் பேச்சு முடிவு. அதற்கு ஒரே பதில்தான், "ஆ, கேட்டு." முன்னால் சொன்னது ஒன்றும் விளங்காவிட்டாலும் அந்த வால் மட்டும் எனக்குக் கணீரென்று விழும். உடனே ஆ, கேட்டு என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவள் என்ன செய்கிறாள் என்று பார்த்து நானும் அதையே செய்வேன். இப்படியே ஒரு பட்டம் வாங்கிவிட்டேன் என்றால் பாருங்கள்.

விளையாட்டில் ஒரு லாக்கர் அறை வரும். சுவர் முழுக்க இரும்புப் பெட்டிகள், எல்லாம் ஒரே அச்சு. எதில் சாவி இருக்கிறது என்பதற்கு ஒரு தடயமும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கடைசியில் குருட்டாம்போக்கில் ஒன்று திறந்தது. நல்ல முட்டாள் புதிர் என்று நினைத்துக்கொண்டு, அந்த அறைக்கு நேரே 'சத்தம் ஏதுமில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

சேச்சி என் சீட்டுக்கே வந்துவிட்டார். "எந்தா இது? ஆ விசில் எவிடெ?"

"எந்த விசில் சேச்சி?"

"லாக்கருக்குள்ளிலெ விசில்! அது தன்னெயல்லே புதிர்!"

ஒரு லாக்கருக்குள் மட்டும் காற்று புகுந்து மெல்லிசாக விசிலடிக்குமாம். எதன் பக்கம் போனால் விசில் கூடுகிறதோ அதில்தான் சாவியாம். நான் ஹெட்செட்டை மாட்டி மறுபடி கேட்டேன். ஒரு மண்ணும் இல்லை. ஹெட்செட் கேடு என்றேன். பக்கத்து சீட்டுக்காரன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். அதிலும் ஒரு மண்ணும் இல்லை. அவன் தனக்குத் தெரிந்த சினிமாத் தமிழை எடுத்துவிட்டான்: "சாமி சத்தியமா விசில் இருக்கு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் சேர்ந்து என்னை வைத்துக் கூத்தடிக்கிறார்களா? புதுசாக வந்தவளைக் கலாய்ப்பது இங்கே வழக்கமா? "ஆளைப் பார்த்து விளையாடுங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சேச்சி ஹெட்செட்டைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் வைத்தார். விசில் கேட்கும்போது எல்லோரும் கை தூக்குங்கள் என்றார். அறை அமைதியாக இருந்தது, எனக்கு அப்படித்தான் இருந்தது. திடீரென்று எல்லோர் கையும் மேலே போனது. கொஞ்ச நேரம் கழித்து எல்லோர் கையும் ஒன்றாகக் கீழே இறங்கியது. டீ கொண்டு வந்தவர்கூட ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி நின்றார். அவருக்கு என்னிடம் என்ன பகை? எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

"நீ போய் காது நோக்கு" என்றார் சேச்சி. காதைக் காட்டிவிட்டு வா, அதுவரை உன் வேலை விஷயத்தைப் பற்றி நான் மேலிடத்தில் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார்.

அம்மாவிடம் சொன்னதும் அவளுக்கு முகம் செத்துவிட்டது. "வெளிய ஆரிட்டயும் பறையாத. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் காது கேக்காதுன்னு பேரு வந்தா பின்ன மாறுமா? ரெண்டு சொட்டு எண்ணெ விட்டா சரியாப் போவும்" என்றாள். எண்ணெய் விட்டதில் மிச்சமிருந்ததும் அடைத்துக்கொண்டதுதான் லாபம். அதைத் துடைத்து எடுத்துவிட்டு, ஆபீஸ் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த காது பரிசோதனை நிலையத்துக்குத் தனியாகப் போனேன்.

அங்கே இருந்தவர் என் எதிரே உட்கார்ந்து, காதில் ஒரு பெரிய ஹெட்செட்டை மாட்டினார். "சப்தம் கேட்டால் விரல் பொக்கணம், கேட்டோ" என்றார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டுமாம். "ஆ, கேட்டு" என்றேன். மிஷினில் ஏதோ பித்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து, "கேட்டோ?" நான் தலையாட்டினேன். இன்னொரு பித்தான். "இப்போள் கேட்டோ?" விரலைத் தூக்கி, தலையையும் ஆட்டினேன். நான் ஏமாற்றவில்லை, சத்தியமாக. அவர் கேட்டோ என்றதும் என் தலை தன்னால் ஆடியது. அது கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை. பிறந்தது முதல் அந்தச் சொல்லுக்கு அப்படித்தானே ஆடிக்கொண்டிருக்கிறது!

கடைசியில் அவர் சிரித்தபடி, "குழப்பம் ஒந்நுமில்லா" என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. கோளாறு ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் தமிழில் எனக்கு இருந்த குழப்பம் கொஞ்சநஞ்சமா? என் காது நல்ல காது என்றால் அந்த விசில் எங்கே போனது? காது சரி, ஹெட்செட் சரி, அப்படியென்றால் புத்திதான் கெட்டிருக்கிறது. கேட்டதைக் கேட்டது என்று அறிகிற புத்தி எனக்கு இல்லை. மந்தம் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் சேச்சியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. எப்படி டெஸ்ட் செய்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் நெற்றி சுருங்கியது. பிறகு ஒரு ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். ஃபைலுக்குப் பின்னால் என்னவோ செய்தார். ஃபைலை இறக்கி, சாதாரணமாக, "கேட்டோ?" என்றார்.

"ஆ, கேட்டு" என்றேன்.

"ஞான் எந்தா பறஞ்ஞது?"

தான் என்ன சொன்னார் என்று கேட்கிறார். மலையாளத்தில் சொன்னதால் பிடிபடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பக்கத்து சீட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரிக்காமல் சொன்னான்: "உன்னோட பேரு. சேச்சி உன் பேரைத்தான் மெல்ல மூணு தடவை கூப்பிட்டாங்க."

என் பேரில் ஏது மலையாளம், ஏது தமிழ்? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியாத அழுகை.

இரண்டாவது தடவை சேச்சியே கூட வந்தார். இந்த முறை அந்த மனிதரை என் முதுகுப் பக்கம் உட்காரச் சொன்னார். வாயைத் திறக்கவே கூடாது, முக்கியமாகக் கேட்டோ என்று கேட்கவே கூடாது என்று கறாராகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தடித்த சத்தங்கள் கேட்டன, விரல் தூக்கினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. எப்போது தொடங்குவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். தோளைத் தொட்டு, முடிந்துவிட்டது என்றார்.

தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது, மெல்லிசான சத்தம் எதுவும் கேட்கவில்லை. பேச்சிலே சில எழுத்து விழும், சில எழுத்து விழாது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த காது டாக்டர் சொன்னார். முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்து மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேனாம். அப்படியானால் எனக்கு மலையாளம் நன்றாகவே தெரியுமா? தமிழும் தெரியுமா? எனக்கு எந்தப் பாஷை தெரியும், எது தெரியாது, எந்த இடத்தில் பாஷை தவறியது, எந்த இடத்தில் காது தவறியது? ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பழைய டீச்சர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள், ஒருவரையும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

வேலை போகவில்லை. சத்தம் எழுதுவதைப் பக்கத்து சீட்டுக்காரனுக்குக் கொடுத்தார் சேச்சி. அது நியாயம்தான், ஆனாலும் வலித்தது. எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை விளையாடி, எங்கே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்வது என் வேலையாயிற்று. மாட்டிக்கொண்ட இடத்தையெல்லாம் கூச்சமில்லாமல் சொன்னேன். அந்த மாசக் கடைசியில் நிரந்தரம் செய்தார்கள்.

டாக்டர் சொன்னதை வீட்டில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது முன்னால் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கல்யாணம், பேர் என்று ஆரம்பிப்பாள் என்று பார்த்தேன். இல்லை. அச்சைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மாவுக் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்ன எம்புட்டு அடிச்சிருக்கேன் மக்களே. காதுல ஏறல்லியா, காதுல ஏறல்லியான்னு கேட்டுக் கேட்டுல்லா அடிச்சேன்."

"அதெல்லாம் போட்டும்மா" என்றேன்.

அவள் விடவில்லை. என்னவோ நினைவுக்கு வந்த மாதிரி என் முகத்தையே பார்த்தாள். "கொச்சுப் பிள்ளையா இருக்கச்சில நீ ஒறங்கவே மாட்ட. பக்கத்துல படுத்து, ஒனக்கக் காதுக்குள்ள பையப் பைய என்னமெல்லாமோ சொல்லுவேன். ஒனக்க அப்பாட்டகூடச் சொல்லாததெல்லாம் ஒன்னட்டத்தான் சொல்லியிருக்கேன். நீயும் கேட்டுக் கேட்டுச் சிரிப்ப." அவள் குரல் இறங்கியது, உதட்டைப் பார்த்துத்தான் மிச்சத்தைப் பிடித்தேன். "அதும் கேக்கல்லியா மக்களே?"

எனக்கு அந்த இரவுகள் நன்றாக ஞாபகம் இருந்தன. அம்மாவின் மூச்சுக் காற்று காதில் சூடாக வந்து படும். கூசும். அதனால் சிரிப்பேன். அம்மா கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.