நடை சாத்திய நேரம்

எழுபதுகளில், பெருமாள் கோயில் நடையை மத்தியானம் சாத்தியதும் வாசலுக்கு ஒருவர் வந்துவிடுவார். வெற்றிலைக் கறை ஏறிய பல், கக்கத்தில் குடை. மூடிய கதவைப் பார்த்துத் திகைத்து நிற்கும் வெள்ளைக்காரர்களிடம், “டெம்பிள் ஃபோர் ஓ கிளாக். இன் த மீன்டைம், சில்க் சாரி!” என்பார். பட்டுக்கடைக்கு அழைத்துப் போவார். விற்றால் அவருக்குத் தரகு.

“மீன்டைம்னா இன்னாங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சாத்தறதுக்கும் தொறக்கறதுக்கும் நடுவுல இருக்குது பாரு, அந்த நேரம்பா. என் வீட்டு அடுப்பு அதுலதான் எரியுது.”

வைகுண்ட ஏகாதசியன்று பகல் முழுக்க நடை சாத்தவில்லை. கூட்டத்தில் அவரும் கண்மூடிக் கைகூப்பி நின்றிருந்தார்.

“இன்னா வேண்டிக்கினீங்க?”

“சீக்கிரம் நடையைச் சாத்திடு பெருமாளேன்னுதான்பா.”

சிரிப்பாரென்று முகத்தைப் பார்த்தேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.