கேட் நாய்களுக்கு வைத்த பொட்டு

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. மெஷின், லாரி, கேட்டில் படுத்திருக்கும் மூன்று நாய்கள் என எல்லாவற்றுக்கும் நானே குங்குமம் வைத்தேன்.

மதியம், ஜப்பானிலிருந்து தன்னார்வலராக வந்திருந்த பெண் கால்நடை மருத்துவர், தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வந்தார். நாய் பிடிக்க நான் உற்சாகமாக ஓடினேன். ஊசி போட்டதற்கு அடையாளமாக ஒவ்வொரு நாயின் நெற்றியிலும் மருத்துவர் சிவப்பு மை தடவினார். கேட் நாய்களைப் பார்த்ததும் ‘முடிந்தது’ என்று சைகை காட்டிவிட்டு வேனில் ஏறினார்.

செக்யூரிட்டி கத்தினார்: “யோவ், இன்னாய்யா பார்த்துகினு நிக்கிற? அது காத்தால நீ வெச்ச குங்குமம்யா!”

தூக்கிவாரிப் போட்டது. வேனை மறித்தேன். அதற்குள் ஷிஃப்ட் பஸ்கள் வந்துவிட, நாய்கள் சிதறி ஓடின. பிஸ்கட்டோடு துரத்தி, மூன்றையும் மடக்கிவிட்டோம்! மூன்றுக்கும் ஊசி போட்டுவிட்டு மருத்துவர் கைதட்டிக் குதித்தார்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று நாய்களுக்குப் பொரி உண்டு, பொட்டு கிடையாது.