ரவி நல்ல பையன்தான்... ஆனாலும் கேஸ்!

போன வாரம் யோகா போன் பண்ணினாள். “அக்கா, தர்ஷி இன்னைக்கு ஊன்றுகோல் இல்லாம கோயில் வரைக்கும் நடந்துட்டா!” குரலில் அப்படி ஒரு துள்ளல். எனக்கும் ஹட்டன் பஜார் நடுவில் நின்று ஒரு குதி குதிக்கலாம் போலத்தான் இருந்தது. வயசு தடுத்துவிட்டது.

யோகா என் சித்தி மகள். வட்டவளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவளுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டையும் ஒரு மத்தியானம் வேன் ஒன்று இடித்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு ரோட்டு ஓரமாக நடந்து வந்தவர்கள். சின்னவன் கிஷோருக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஒரு பல் போச்சு. பெரியவள் தர்ஷிகாவுக்குத் தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன்.

இடித்தது யார் தெரியுமா? ரவி. யோகா குடியிருக்கிற அதே லயத்து வரிசை வீடுகளில் ஒரு பையன். யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அவனுடைய வேன்தான். அன்றைக்கும் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்ததும் அவனேதான். வார்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “சறுக்கிடுச்சு அக்கா... மழை ஈரம்... பிரேக் புடிக்கல...”

மயக்கம் தெளிந்த தர்ஷிகா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். “ரவி மாமா போனைப் பாத்துக்கிட்டே வந்தாரும்மா.”



மறுநாளே தோட்டத் தலைவர் வந்தார். கையில் ஆப்பிள் பை. “நம்ம பய யோகா. வேணும்னு செஞ்சானா? செலவுக்கு ஏதாச்சும் தரச் சொல்றேன். ‘இனி எதுவும் கேக்க மாட்டேன்’னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு. பொலிசு, கோர்ட்டு எல்லாம் நமக்கு எதுக்கு?”

அவர் போனதும் எனக்கு போன். “அக்கா, போட்டுடவா? போடலைன்னா லயத்துல ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க.”

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சட்டம் தெரிந்த ஒரு சிநேகிதி உண்டு. வக்கீல் நிர்மலா. அன்று மாலையே யோகாவை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

நிர்மலா நீட்டி முழக்கவில்லை. “பொலிஸ் கேஸ் வேற, நஷ்ட ஈடு வேற. பொலிஸ் கேஸ் கவனமில்லாம ஓட்டினதுக்கு. நீதவான் கோர்ட்டுல அவன் பதில் சொல்லணும். நஷ்ட ஈட்டை வேனோட இன்சூரன்ஸ்ல கேக்கணும். அது சரிவரலைன்னா மாவட்டக் கோர்ட்டுல பிள்ளைகள் சார்பா நீங்க வழக்குப் போடலாம். ஆனா ‘ஒண்ணும் கேக்க மாட்டேன்’னு இப்பவே எழுதிக் குடுத்தா, நாளைக்கு இன்னொரு ஆபரேஷன்னு டாக்டர் சொல்றப்ப யார்கிட்டப் போவீங்க?”

“ரவி புள்ளகுட்டிக்காரன் மிஸ். அவன் நடுத்தெருவுல நிப்பானே?”

“அதுக்குத்தானே இன்சூரன்ஸ்! வருஷா வருஷம் கட்டுறது எதுக்கு, கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டி அழகு பாக்கவா?”

“வக்கீல் வைக்க வசதி இல்லைங்களே...”

“வருமானம் குறைஞ்சவங்களுக்கு அரசாங்கத்துல இலவச சட்ட உதவி இருக்கு. கேக்குறவங்கதான் குறைவு. ஒண்ணு மட்டும், லேட் பண்ணாதீங்க. வழக்குப் போடுறதுக்கும் காலக்கெடு உண்டு.”

அடுத்தநாள் பொலிஸில் வாக்குமூலம். மேசையில் இருந்தவர் சிங்களத்தில் எழுத ஆரம்பித்தார். யோகா பேனாவை வாங்கவே இல்லை. வாசிக்கத் தெரியாததில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

“தெமள லியன்ன கெனெக் நே” என்றார் அவர். தமிழில் எழுத ஆள் இல்லையாம்.

“எனகங் இன்னங் சேர்” என்றாள் யோகா. வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்! நானும் பக்கத்தில். சாயங்காலம் தமிழ் கான்ஸ்டபிள் ஒருவர் டியூட்டிக்கு வந்தார். தர்ஷிகா சொன்னது தமிழில் அப்படியே பதிவானது.

பிறகு? லயத்தில் யாரும் பேசவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். ஒருநாள் யோகா என் தோளில் சாய்ந்து அழுதாள். “புள்ளைக்கு அடிபட்டதைவிட இது வலிக்குதுக்கா.”

கோர்ட்டில் ரவி என்ன சொல்வானோ என்று பயந்துகொண்டிருந்தோம். பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினான். யோகாவை ஒரு தடவை பார்த்தான். “குற்றவாளி” என்று ஒப்புக்கொண்டான். போன் பார்த்ததையும் அவனே சொன்னான்.

அபராதம். கொஞ்ச காலத்துக்கு லைசன்ஸும் கிடையாது.

இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் ஏதோ பிச்சை போடுவதுபோல ஒரு தொகை சொன்னார்கள். நிர்மலா விடவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம். கடைசியில் தர்ஷிகாவின் இரண்டாவது ஆபரேஷனுக்கும், அதற்குப் பிந்திய சிகிச்சைக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டார்கள். ரவியின் வேன் விற்கப்படவில்லை. இப்போது அவன் மச்சான் ஓட்டுகிறான்.

வழக்கு என்றாலே பகை என்று நாம் ஏன் நினைக்கிறோம்? நல்லவன் கையாலும் பிள்ளைக்கு அடிபடும். அவன் நல்லவன் என்பதற்காக எலும்பு தானாக ஒட்டிக்கொள்ளுமா என்ன?

தர்ஷிகா நடந்த செய்தி கேட்டதும் பார்க்கப் போனேன். டவுனிலிருந்து மேலே ஏறும்போது முன்னால் ரவி. தோளில் அரிசிப் பை, கால்நடையாக. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் எங்கள் இருவரையும் உரசுகிற மாதிரி பறந்தது. ரவி பையோடு ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள்ளேயே குதித்துவிட்டான்.

சேற்றோடு எழுந்து நின்று கத்தினான். “பாத்தீங்களாக்கா! நடந்து போறவன் மனுசன் இல்லையா? இவனுங்க மேலயெல்லாம் கேஸ் போடணும்!”