மார்ச் பதினைந்துக்கு மறுநாள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனாலோ என்னவோ, அச்சில் வந்த எதையும் சந்தேகிக்க எனக்குத் தைரியம் வராது. பஞ்சாங்கமும் அப்படித்தான். இந்த வெளிநாட்டுக்கு வந்து, ஒனிஹங்காவில் எடுத்த வாடகை வீட்டுக்குப் பழைய சோபா ஒன்று வாங்கியபோதுகூட நாள் பார்த்துத்தான் உள்ளே ஏற்றினேன்.

மனைவிக்கு லைசென்ஸ் டெஸ்ட் மார்ச் பதினைந்து என்று கிடைத்தது. பார்த்தேன், நாளில் குறையில்லை. கிளென்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலை வேலை, அந்த நேரத்தில் பஸ் இல்லை. லைசென்ஸ் எடுத்தால்தான் வேலை.

அந்த நேரம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ரோமர் பாடம். சாப்பிடும்போது ஆங்கிலத்தில் கதை சொன்னாள். மார்ச் பதினைந்துக்கு ஐட்ஸ் என்று பெயராம். அந்த நாளில் கவனமாயிரு என்று ஒரு தலைவனுக்கு முன்கூட்டியே சொன்னார்களாம். அவன் பொருட்படுத்தாமல் சபைக்குப் போக, கூட இருந்தவர்களே குத்திக் கொன்றார்களாம்.

டெஸ்டும் அதே நாள்தானே என்றேன்.

“அது அவங்கட கதை. எங்களுக்கென்ன?” என்றாள் மனைவி.

“மாசத்துக்குப் பேர் வைச்சதே அவங்கள்தானே. இந்த நாட்டில அவங்கட கெட்ட நாளையும் பாக்கத்தானே வேணும்?”

அடுத்த நாள் மங்கரே கிடங்கில், சரக்கு ஏற்றும் வேலைக்கு நடுவே போன் எடுத்து, டெஸ்டைப் பதினாறாம் தேதிக்கு மாற்றினேன். மாலையில்தான் அவளிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. உங்கள் மனம் ஆறினால் சரி என்றாள்.

பதினைந்தாம் தேதி நல்ல வெயில். மறுநாள் விடியவே மழை பிடித்துக்கொண்டது. கார்க் கண்ணாடியெல்லாம் ஆவி. சந்தியில் எதிரே வந்த காருக்கு வழிவிடாமல் திருப்பிவிட்டாள். பெயில். வேலை வேறொருத்திக்குப் போனது.

பாடத்தை முடித்த மகள் மிச்சக் கதையையும் சொன்னாள். ஐட்ஸ் என்றால் மாதத்தின் நடு நாள், அவ்வளவுதான். எல்லா மாதத்திலும் உண்டு. ஆதியில் அது பௌர்ணமி. பெரிய கடவுளுக்கு ஆடு பலியிடுவார்கள். மார்ச்சில் சனங்கள் ஆற்றங்கரைக்குப் போய்க் குடித்துக் கொண்டாடுவார்கள். அந்தக் கொலைக்குப் பிறகுதான் கெட்ட பெயர். ரோமர் உண்மையில் பயந்தது மறுநாளுக்கு. அதுதான் கறுப்பு நாள், புதிதாக எதையும் தொடங்கமாட்டார்களாம்.

சொல்லிவிட்டு, தான் வாயைத் திறந்ததால்தானே அம்மாவுக்கு வேலை போனது என்று கேட்டாள். இல்லையம்மா, மழையால் என்றேன். அப்படியென்றால் ஏன் நாளை மாற்றினீர்கள் என்றாள். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அது என் பழக்கம். பிள்ளைக்குச் சேர்த்துவைக்க எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்றிருந்தது.

அடுத்த டெஸ்டை மனைவியே பதிந்தாள்.

“எந்த நாளெண்டு உங்களுக்குச் சொல்லமாட்டன். பிள்ளைக்கும் சொல்லமாட்டன். கேக்காதேங்கோ.”

கேட்கவில்லை. வேலைக்கு நான் கூட்டாளியின் வான் வண்டியில் போய்வருவேன். ஒரு பின்னேரம் வேலை முடிந்து வெளியே வந்தால் வாசலில் எங்கள் கார். அவள் தனியாக ஓட்டி வந்திருந்தாள். லைசென்ஸ் முன்தட்டில் கிடந்தது. அதில் தேதி இருந்திருக்கும். எடுத்துப் பார்க்கவில்லை. கிளென்ஃபீல்டில் இன்னொருக்கால் கேட்டுப் பார்ப்போமா என்றேன்.

“அது போனது போனதுதான்,” என்றாள், சிக்னல் போட்டபடி. “பெல்ட்டைப் போடுங்கோ.”