கோ-எட் ஆன கதை

நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வந்தது. இப்போதைய தாளாளர் என்னைக் கைபேசியில் அழைத்தார்.

"அக்கா, நீங்கதான் புக்கெல்லாம் எழுதுறீங்க. நம்ம ஸ்கூல் வரலாற நல்ல தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. மலர்ல போடணும், மேடையிலயும் வாசிக்கணும்."

"தமிழ்ல பேசுனா முட்டி போட வைக்கிற ஸ்கூலுக்கு நல்ல தமிழ் எதுக்கு தம்பி?" என்றேன்.

பாராட்டிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார்.

இவர் நிறுவனரின் மகன். அப்பா ஆரம்பித்த பள்ளியில் ஒருநாள்கூடப் படித்தவரில்லை. ஊர்ப் பிள்ளைகளைத் தன் பள்ளிக்கு அழைத்த நிறுவனர், சொந்தப் பிள்ளையைக் கொடைக்கானல் விடுதிக்கு அனுப்பிவைத்தார். பிரியாணிக் கடை முதலாளி மத்தியானத்துக்கு வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவருகிற மாதிரி. இதை வரலாற்றில் சேர்க்கலாமா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் என் அம்மா. அந்தப் பள்ளியின் முதல் ஆசிரியை அவள்தான். எண்பதை நெருங்குகிறாள். விழாச் செய்தி காதில் விழுந்ததிலிருந்து ஒரே பேச்சு.

"மைக்குல ஒருக்கா சொல்லட்டும்டி. மொதப் பாடம் எடுத்தது நாந்தான், பொம்பளப் பிள்ளைய உள்ள கொண்டாந்ததும் நாந்தான்னு. அம்புட்டுப் போதும் எனக்கு."

அவள் கேட்டது அவ்வளவுதான். சால்வைகூடக் கேட்கவில்லை.

நிறுவனர் தோல் வியாபாரி. வியாபாரம் மந்தமாகி, தோல் அடுக்கிவைக்கிற கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. இங்கிலீஷ் மீடியம் என்று போர்டு மாட்டினால் ஜனம் வரிசை கட்டி வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கல்வித் தொண்டின் தொடக்கம் இதுதான். தரையை ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். தோல் நாற்றம் மட்டும் போவேனா என்றது. வீட்டுக்கு வந்ததும் என் சீருடையை வாசலிலேயே கழற்றச் சொல்வாள் அம்மா.

அம்மா அப்போது வடமதுரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்துபோகிற இளம் ஆசிரியை. கிட்டங்கியில் வைத்து நேர்முகம் நடந்தது. வேலை உறுதியானதும், பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினாள்.

"இவளும் இங்கனயே படிப்பா."

நிறுவனர் பதறிவிட்டார். "டீச்சர், இது பையங்க ஸ்கூலு. பொம்பளப் பிள்ளைக்குத்தான் சிஸ்டர்மாருக ஸ்கூலு இருக்குல்ல?"

"இவ அங்க, நான் இங்கன்னா, யாரு கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வாரது? இவ வரலைன்னா நானும் வரல."

அவர் கொடுப்பதாகச் சொன்ன சம்பளத்துக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேறு யாரும் வரவில்லை. அதனால் இறங்கிவந்தார். "சரி, ஓரமா உக்காரட்டும். வெளிய சொல்லாதீக."

அப்படித்தான் நான் அங்கே சேர்ந்தேன். வெளியாள் யாராவது வந்தால் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு. பெண்கல்வியின் விடிவெள்ளியாகிய நான் சாக்குத் தூசியில் தும்மிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அங்கீகாரம் கொடுக்கிற அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். ஒளிய நேரமில்லை. முன்வரிசையில் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு நிறுவனரிடம் கேட்டார்.

"கோ-எட்டா?"

நிறுவனர் அந்தச் சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்க வேண்டிய ஏதோ சான்றிதழ் என்று நினைத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆமாங்க சார், கோ-எட்டுதான். போன மாசமே வந்திருச்சு."

அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வண்டி கிளம்பியதும் நிறுவனர் கேட்டார். "டீச்சர், கோ-எட்டுன்னா என்ன?"

"பையங்களும் பொம்பளப் பிள்ளைகளும் சேந்து படிக்கிறது."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான வெளிய சொல்லாதீகன்னீக."

சர்க்கார் காதில் போட்டதைத் திரும்ப வாங்க முடியுமா? மறுவாரமே போர்டு எழுதுகிறவர் வந்தார். பள்ளியின் பெயரைவிடப் பெரிதாகக் 'கோ-எட்' ஏறியது. அர்த்தம் கேட்ட அப்பாக்களிடம், "கான்வென்ட்டுலகூடக் கெடையாது" என்று சொன்னார் நிறுவனர். அதை நம்பிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கமிருந்துகூடப் பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நாங்கள் வளர வளர அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாடி கட்டியபோது பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, எங்களுக்கு ஒரு படிக்கட்டு. நடுவில் கம்பிக் கதவு, அதில் ஒரு மாங்காய்ப் பூட்டு. மேலே கோ-எட் போர்டு, கீழே பூட்டு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் வேறென்ன செய்வார்? இப்போது பூட்டைக் காணோம். அதற்குப் பதிலாகக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

இத்தனையையும் மலருக்கு எழுதவில்லை. தோல், சாக்கு, பூட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, என் சுபாவத்துக்கே ஒவ்வாத மரியாதையோடு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அம்மாவைப் பற்றி இரண்டே வரி. தாளாளர் மறுநாளே கூப்பிட்டார்.

"அக்கா, கோ-எட்டு அப்பாவோட விஷன்னு வந்தா நல்லாருக்கும். டீச்சர் பேரு வேணாம்க்கா. ஒருத்தங்களப் போட்டா மத்தவங்க வருத்தப்படுவாங்க."

எந்த மற்றவர்கள்? அந்த முதல் வருஷத்தில் இன்னொரு ஆசிரியர் இருந்தால்தானே வருத்தப்பட? "அப்ப நீங்களே எழுதிக்கங்க" என்று வைத்துவிட்டேன். எழுதிக்கொண்டார். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தேய்த்து வைத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மைதானத்தின் நடுவே நீளமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் பையன்கள், இந்தப் பக்கம் பெண்பிள்ளைகள். எங்களையும் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசைக்கு விரட்டினார்கள். மேடையின் ஒரு கோடியில் ஒரு மாணவனும் மறுகோடியில் ஒரு மாணவியும் நின்று வரலாற்றை மாறி மாறி வாசித்தார்கள். "தொடக்க நாள் முதலே இருபாலர் கல்வி என்னும் தொலைநோக்குப் பார்வையுடன் நம் நிறுவனர்..." அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வரும் பாரு" என்றாள்.

வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் ஒரு புகைப்படம் வந்தது. எங்கள் வீட்டிலும் இருக்கிற படம்தான். கிட்டங்கி வாசலில் வரிசையாகப் பையன்கள், அவர்களை அடுத்து நிறுவனர், அவருக்கு முன்னால் நான். என்னை ஓடவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு, நிறுவனருக்குப் பக்கத்தில் கடைசியாக அம்மா. திரையில் அம்மா இல்லை. ஓரத்தோடு வெட்டி எறிந்திருந்தார்கள். ஆனால் என் தோளில் கிடந்த அவள் கையை வெட்டினால் என்னையும் சேர்த்து வெட்ட வேண்டும். நான் அவர்களுக்கு வேண்டும். நான்தானே கோ-எட்டுக்கு அத்தாட்சி! அதனால் கை மட்டும் நின்றுவிட்டது.

மாணவன் உரக்க வாசித்தான்: "முதல் மாணவியின் தோளில் கைவைத்து வாழ்த்தும் நம் நிறுவனர்!"

ஒரே கைதட்டல். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்தக் கை. அதில் ஒரு சின்ன லேடீஸ் வாட்ச், இரண்டு கண்ணாடி வளையல்.

அம்மா எழுந்துவிட்டாள். பின்பெஞ்சுவரை எட்டுகிற வகுப்பறைக் குரல் அவளுக்கு. மைக் தேவையில்லை.

"ஏலே அப்பு, ஒங்க நிறுவனரு என்னைக்குடா வளையல் போட்டாரு? அது ஏங் கை!"

அதே கையைத் தூக்கிக் காட்டினாள்.

மைதானமே திரையைப் பார்த்தது. முதலில் சிரித்தது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பள்ளி கோ-எட் ஆனதை நான் என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.