டாக்டர் அறையில் நான் வாய் திறந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். முன்னாள் ராணுவத்தினருக்காகக் கடலூரில் நடந்த மருத்துவ முகாமுக்கு என் கணவரோடு போயிருந்தேன். நாங்கள் கீரப்பாளையம் பக்கம். மலைப்பகுதியில் பணியில் இருந்தபோது வண்டி கவிழ்ந்து அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி. இடது பாதமும் நசுங்கிவிட்டது. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு எழுதியதற்கு, பாதிப்பு குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு முடிய ஒன்பதே நாள்தான் இருந்தது. அதோடு வைக்கப் புது மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அன்று கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு.

காலையில் நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றும். பெரிய அதிகாரியைப் பார்க்கப் போகிறோமே என்று சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து, தினமும் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பை வேண்டாமென்று சொல்லி, பாலிஷ் போட்ட ஷூவை மாட்டிவிட்டேன். கல்யாண மாப்பிள்ளை தோற்றார்!

டாக்டர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கண்டதும் இவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"டீக் ஹை, சாப்!"

"நடந்தா பாதம் வலிக்குதா?"

"இல்ல சாப்!"

டாக்டர் எழுத ஆரம்பித்தார். பட்டாளத்தில் அதிகாரி கேட்டால் 'டீக் ஹை', நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்களாம். வலி என்றால் வேலைக்குப் பயந்தவன் என்று பேராகிவிடும். பென்ஷனுக்கான முதல் பரிசோதனையிலும் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், நான் இலை போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

பேனா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க சார்! இவரு சொல்றது அத்தனையும் பொய். காலையில நான் தூக்கி வுட்டாத்தான் எழுந்துக்குவாரு. இந்த ஷூவக்கூட நான்தான் மாட்டி வுட்டேன். செவுத்தப் புடிச்சிகிட்டுதான் பாத்ரூமுக்கே போறாரு" என்று கத்திவிட்டேன்.

"நீ வெளிய போ!" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படி அதட்டியதே இல்லை. நான் நகரவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஹவில்தார், ஷூவக் கழட்டுங்க."

பாதி குனிந்தவர் அதற்குமேல் முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து கழற்றினேன். சாக்ஸெல்லாம் ரத்தம். என் பாலிஷ் ஷூ செய்த வேலை. டாக்டர் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதுகையும் பாதத்தையும் அரைமணி நேரம் பரிசோதித்துப் புதுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சான்றிதழ் கிடைத்த சந்தோஷத்தைவிட, அவர் மானத்தை வாங்கிவிட்டோமோ என்ற பயம்தான் எனக்கு ஜாஸ்தி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் வந்தது. எப்போதும் என் கையைத் தட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தானே இறங்குபவர், அன்று அத்தனை கூட்டத்தின் நடுவே படியில் நின்று கையை நீட்டி, "கையக் குடு" என்றார்.

சில மாதங்களில் மேல்முறையீடு ஏற்கப்பட்டு உத்தரவும் வந்தது. ஆனாலும் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த நீட்டிய கைதான். வலிக்கிறது என்று ஒப்புக்கொள்ள என் வீட்டுப் பட்டாளத்துக்காரருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது!